தாமஸ் சைமனின் விண்ணப்பக் கிரௌன்: அரசன் ஏற்காத வெள்ளி நாணயமும் அதனைக் காத்த தொகுப்பாளர்களும்

முன்னுரை

நாணயத்தின் மீதுள்ள எழுத்து பொதுவாக அரசன் குடிகளை நோக்கிச் சொல்வதாகவே அமையும். தன் பெயர், பட்டம், ஆளும் நாடுகள், தன் ஆட்சிக்கு இறையருள் உண்டு என்னும் உரிமைக் கூற்று ஆகியவற்றை அரசன் உலோகத்தில் பொறித்து வெளியிடுகிறான்; குடிகள் அதனைக் கைமாற்றுகின்றனர். இத்திசை தலைகீழாக மாறி, குடி ஒருவன் அரசனை நோக்கிப் பேசும் சொற்களைத் தாங்கிய வெள்ளி நாணயம் ஒன்று 1663ஆம் ஆண்டு இலண்டனில் உருவானது. இரண்டாம் சார்லஸ் மன்னனின் உருவத்தைத் தாங்கிய அந்நாணயத்தை ஆங்கில நாணயவியலார் 'பெட்டிஷன் கிரௌன்' என வழங்குவர். தமிழில் அதனை 'விண்ணப்பக் கிரௌன்' எனலாம். கிரௌன் என்பது ஐந்து ஷில்லிங், அதாவது கால் பவுண்டு மதிப்புடைய பெரிய வெள்ளிக் காசு.

இது புழக்கத்திற்காக அடிக்கப்பட்ட காசன்று; ஒப்புதல் வேண்டிச் செய்யப்பட்ட மாதிரி நாணயம். இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்கு மிகா என்பது நாணயவியல் நூல்களின் பொதுக் கணிப்பு. அவையும் அரசனின் கருவூலத்தாலோ அக்கசாலையின் பதிவேட்டாலோ காக்கப்பட்டவை அல்ல. தனியார் தொகுப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேழைகளில் வைத்துப் போற்றியதாலேயே அவை நிலைத்தன. அவ்வாறு காத்தவர்கள் அந்நாணயத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பையும் சேர்த்தே காத்தனர்: சைமனே சிறந்த கலைஞர், அரசன் பிழைபடத் தேர்ந்தான் என்பது அத்தீர்ப்பு. நாணயமே முன்வைக்கும் சான்றுகளோடு அத்தீர்ப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறிப்பாளர்

தாமஸ் சைமன் (1618–1665) இலண்டனில் பயின்று அக்கசாலையில் பணியாற்றிய பொறிப்பாளர். உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத் தரப்பினர் 1645இல் அவரை எட்வர்டு வேடு என்பவருடன் இணைத்துத் தலைமைப் பொறிப்பாளராக அமர்த்தினர். முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்ட பின்னர் 1649இல் அப்பொறுப்பு அவர் ஒருவருக்கே உரியதாயிற்று. மன்னனில்லாக் குடியரசின் பெருமுத்திரையைச் செதுக்கியவர் அவரே. 1650ஆம் ஆண்டு டன்பார் போர் வெற்றியைக் குறிக்கும் பதக்கத்திற்காக ஆலிவர் கிராம்வெல்லின் உருவத்தை நேரில் கண்டு வரைய அவர் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். தன் உருவம் பதக்கத்தில் இடம்பெற வேண்டாம் என்று கிராம்வெல் கடிதம் எழுதினார். ஆயினும் உருவம் இடம்பெற்றது. அதே கடிதத்தில் சைமனுக்குத் தக்க பரிசு வழங்குமாறும் கிராம்வெல் பரிந்துரைத்தார் என்பது சுவையான செய்தி.

1656, 1658 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய கிராம்வெல் நாணயங்களே சைமனின் பெயரைத் தொகுப்பாளரிடையே நிலைநாட்டியவை. அவற்றிற்குரிய எந்திரங்களை இயக்கியவர் பிரான்சிலிருந்து வந்த பியேர் புளோண்டோ. அதுவரை இங்கிலாந்தின் காசுகள் பெரும்பாலும் சுத்தியலால் அடித்தே செய்யப்பட்டன. அம்முறையில் காசின் விளிம்பு ஒழுங்கற்றதாக இருக்கும். விளிம்பைச் சிறிது சிறிதாக வெட்டி வெள்ளியைத் திருடுவது எளிது. உருளைகளால் தகட்டைச் சீராக்கி, திருகு அழுத்தியால் அச்சடித்து, விளிம்பில் எழுத்தைப் பொறித்துவிட்டால் வெட்டுவோர் உடனே வெளிப்படுவர். புளோண்டோ தன் தனி நுட்பமாக முன்னிறுத்தியது இவ்விளிம்பெழுத்தையே. கிராம்வெல் கிரௌனின் விளிம்பில், இவ்வெழுத்துகளை அகற்றத் துணிபவன் அழிவான் எனப் பொருள்படும் இலத்தீன் எச்சரிக்கை உள்ளது. காசே தன்னைக் காத்துக்கொள்ளும் குரலில் பேசுவதை அங்குக் காணலாம். விளிம்பு பேசும் இடமாக மாறியது அப்போதுதான்; விண்ணப்பக் கிரௌனின் வேர் அங்குள்ளது.

1660ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பியபோது சைமனின் நிலை இக்கட்டானதாயிற்று. முந்தைய மன்னனிடம் பணியாற்றிய தாமஸ் ராலின்ஸ் தலைமைப் பொறிப்பாளர் பதவியைத் திரும்பப் பெற்றார். ஆயினும் சைமன் ஒதுக்கப்படவில்லை. மீண்ட மன்னனின் முதல் காசுகளுக்குரிய அச்சுகளைச் செதுக்கினார். 1661ஆம் ஆண்டு முடிசூட்டு விழாப் பதக்கம் அவர் கைவண்ணமே. முத்திரைகளுக்குரிய பொறிப்பாளர் பதவியும் அவருக்கு வழங்கப்பட்டது. கிராம்வெல்லுக்குப் பணியாற்றியதற்காக அவர் பழிவாங்கப்பட்டார் என்னும் பரவலான கூற்றை இச்செய்திகள் வலுவிழக்கச் செய்கின்றன. பழிவாங்க விரும்பிய அரசு தன் முடிசூட்டுப் பதக்கத்தை அவரிடம் ஒப்படைத்திருக்காது.

கலைப் போட்டி

சிக்கல் வேறொரு திசையிலிருந்து வந்தது. மன்னன் அயலகத்தில் வாழ்ந்த காலத்தில் அவனுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் ஆண்ட்வெர்ப் நகரத்துப் பொற்கொல்லர் பிலிப் ரோட்டியர்ஸ் ஒருவர். அவருடைய மைந்தர்களான ஜான், ஜோசப், பிலிப் ஆகிய மூவரும் பொறிப்புக் கலையில் வல்லவர்கள். மன்னன் அவர்களை இலண்டனுக்கு அழைத்தான். எந்திர நாணயத்தை நிலையான முறையாக்க 1662இல் முடிவு செய்யப்பட்டபோது, அச்சுகளை ரோட்டியர்ஸ் சகோதரர்களும் சைமனும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே எண்ணமாக இருந்தது. இருதரப்பினரும் உடன்படவில்லை. அரசாணையொன்று அதற்குரிய காரணத்தை அவர்களுக்கிடையே எழுந்த 'கலைப் போட்டி' என்றே பதிவு செய்கிறது. ஆட்சிச் சொல்லாட்சியில் அரிதாகக் காணப்படும் நயமான தொடர் இது. இறுதியில் பணி ரோட்டியர்ஸ் தரப்புக்குச் சென்றது. 1662ஆம் ஆண்டைத் தாங்கிய முதல் எந்திரக் கிரௌன்கள் ஜான் ரோட்டியர்ஸின் அச்சில் வெளிவந்தன.

எனவே விண்ணப்பக் கிரௌன் முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன் செய்யப்பட்ட போட்டி மாதிரி அன்று. முடிவு வெளிவந்து, எதிராளியின் காசு கடைத்தெருவில் புழங்கத் தொடங்கிய பின்னர்ச் செய்யப்பட்டது. நாணயவியல் கையேடுகள் சிலவற்றில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. சைமன் கேட்டது தேர்வில் பங்கேற்கும் வாய்ப்பை அன்று. முடிந்த தேர்வை மறுஆய்வு செய்யுமாறு வேண்டினார்.

நாணயத்தின் அமைப்பு

முன்பக்கத்தில் மன்னன் வலம் நோக்கிய மார்பளவு உருவமாகக் காட்சி தருகிறான். தலையில் வெற்றிவாகை மாலை. நீண்ட சுருள்முடி தோளில் விழுகிறது. மேலாடை மடிப்புகளோடு போர்த்தப்பட்டுள்ளது. உருவத்தின் கீழ் 'சைமன்' என்னும் கையொப்பம் கூட்டெழுத்து வடிவில் உள்ளது. பின்பக்கத்தில் நான்கு நாடுகளைக் குறிக்கும் முடியணிந்த கேடயங்கள் சிலுவை வடிவில் அமைந்துள்ளன. கேடயங்களுக்கு இடையே மன்னன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டிரண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. நடுவில் கார்ட்டர் விருதின் வார்ப்பட்டை சூழ்ந்த வட்டத்திற்குள் குதிரைமேல் அமர்ந்த புனித ஜார்ஜ் நாகத்தை வீழ்த்துகிறார். அவ்வட்டம் சிறியது, ஆயினும் வார்ப்பட்டையின் வாசகமும் குதிரையின் பாய்ச்சலும் தெளிவாகத் தெரிகின்றன. ரோட்டியர்ஸின் கிரௌனில் இதே இடத்தில் கதிர் வீசும் விண்மீன் வடிவம் மட்டுமே உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்தால், ஒருவர் தன் திறன் முழுவதையும் காட்ட முனைந்ததும், மற்றவர் காசுக்குப் போதுமான அளவோடு நின்றதும் விளங்கும்.

நாணயத்தின் உயிர் விளிம்பில் உள்ளது. எழுத்துகள் இரண்டு வரிகளாக விளிம்பைச் சுற்றி ஓடுகின்றன. அவை ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. நாணயங்களில் இலத்தீனே ஆட்சி செலுத்திய காலத்தில் இதுவே கவனிக்கத்தக்க விலகல். வாசகத்தின் பொருளைப் பின்வருமாறு தொகுக்கலாம்: தாமஸ் சைமன் பேரரசரைப் பணிந்து வேண்டுகிறார், தன் இச்சோதனைக் காசை டச்சுக்காரரின் காசோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், இது மெய்யுருவுக்கு இசைய வரையப்பட்டுப் புடைப்புற்றும், மேலும் நயமாக அமைக்கப்பட்டும், மேலும் துல்லியமாகச் செதுக்கப்பட்டும் இருக்குமாயின் தன் துயரைத் தீர்க்க வேண்டும். ரோட்டியர்ஸ் குடும்பத்தினர் இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆண்ட்வெர்ப்பினர். அவர்களை 'டச்சு' என்றது அக்கால ஆங்கில வழக்கு. பெயரைச் சொல்லாது இனப்பெயரால் சுட்டியதில் சற்றுக் காழ்ப்பும் கலந்திருக்கலாம்.

புடைப்பெழுத்தை விளிம்பில் அமைப்பது எளிதன்று. முழு வளையத்திற்குள் வைத்து அச்சடித்தால், காசை வெளியே தள்ளும்போது விளிம்பெழுத்துகள் சிதைந்துவிடும். எனவே வளையத்தைப் பல துண்டுகளாகச் செய்து அடித்தபின் பிரித்தெடுக்க வேண்டும். அன்றி, அச்சடிப்பதற்கு முன்பே வெள்ளி வில்லையை எழுத்துச் செதுக்கிய இரும்புப் பட்டைகளுக்கிடையே உருட்ட வேண்டும். சாமுவேல் பீப்ஸ் 1663ஆம் ஆண்டு மே 19 அன்று கோபுரக் கோட்டையிலிருந்த அக்கசாலையைச் சுற்றிப் பார்த்து, காசு செய்யும் படிநிலைகளைத் தன் நாட்குறிப்பில் விரிவாக எழுதினார். எல்லாவற்றையும் கண்ட அவருக்கு விளிம்பெழுத்து மட்டும் காட்டப்படவில்லை. அது புளோண்டோவின் பெரும் மறைபொருள் என்றும், அன்று அவர் அங்கில்லை என்றும் பீப்ஸ் குறிக்கிறார். அரசின் அக்கசாலையே பூட்டி வைத்த நுட்பத்தில் ஒரு வரிக்கு இரு வரி காட்டிய சைமனின் செயலில், கலைத்திறனோடு அறைகூவலும் அடங்கியுள்ளது.

இதே அச்சுகளைக் கொண்டு வேறு விளிம்புகளோடும் காசுகள் அடிக்கப்பட்டன. 'சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள்' என்னும் விவிலியக் கருத்து ஒருவகையில் இலத்தீனிலும் மற்றொரு வகையில் ஆங்கிலத்திலும் விளிம்பில் உள்ளது. வெற்று விளிம்புடையனவும் உண்டு. முகமும் முதுகும் ஒன்றாயிருக்க, விளிம்பு ஒன்றே இவற்றை வெவ்வேறு நாணயங்களாக்குகிறது. தொகுப்பாளர் வழங்கும் பெயர்களும் விளிம்பைக் கொண்டே அமைந்தன. உலக நாணய வரலாற்றில் விளிம்பால் பெயர் பெற்ற காசுகள் மிகச் சிலவே.

முதல் தொகுப்பாளர்கள்

சைமனின் காசுகளைத் தொகுக்கும் ஆர்வம் அவர் உயிரோடிருந்தபோதே தொடங்கிவிட்டது. இதற்கும் பீப்ஸே சான்று. 1663ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று விருந்தொன்றில் அக்கசாலை அலுவலர் ஸ்லிங்ஸ்பி மன்னனின் புதிய காசுகளையும் கிராம்வெல்லின் காசுகளையும் ஒருங்கே காட்டினார். ரோட்டியர்ஸும் அவ்விருந்தில் இருந்தார். ஸ்லிங்ஸ்பி ரோட்டியர்ஸின் பணியையே உயர்த்திப் பேசினார். பீப்ஸுக்கும் அது கண்ணுக்கு இனியதாகத் தோன்றியது. ஆனால் உருவ ஒற்றுமையில் கிராம்வெல்லின் காசுகளே மேம்பட்டவை என எழுதினார். கிராம்வெல் கிரௌன்கள் அப்போதே 25 முதல் 30 ஷில்லிங் வரை விலைபோயின என்றும் குறித்தார். ஐந்து ஷில்லிங் காசுக்கு ஐந்தாறு மடங்கு விலை! ஆட்சி கவிழ்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 1661இல் கிராம்வெல்லின் உடல் தோண்டியெடுக்கப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டிருந்தது. பழிக்கப்பட்ட ஆட்சியாளனின் காசு கலைப்பொருளாகவும் நினைவுப்பொருளாகவும் மதிப்புப் பெறுவதை இக்குறிப்பு காட்டுகிறது.

விண்ணப்பக் கிரௌன் கோரிய ஒப்பீட்டை ஒத்த ஒப்பீடு அதே ஆண்டில் ஒரு விருந்து மேசையில் நிகழ்ந்திருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. தீர்ப்பு ஒருமுகமாக இல்லை. இனிமை ஒருவருக்கு, உண்மை மற்றவருக்கு எனப் பீப்ஸ் பகிர்ந்தளித்தார். பிற்காலத் தொகுப்பாளர் மரபு நினைத்ததுபோல், சைமனின் மேன்மை சமகாலத்தவர் அனைவருக்கும் கண்கூடாக இருக்கவில்லை.

கிராம்வெல் கிரௌனைப் பற்றிய மற்றொரு செய்தியும் தொகுப்பாளர் மனநிலையை விளக்கும். அதன் முன்பக்க அச்சில் விரிசல் ஏற்பட்டு, அது கிராம்வெல்லின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடாகக் காசில் பதிந்தது. தலை துண்டிக்கப்பட்டதன் முன்னறிகுறியாக மக்கள் அதனைக் கண்டனர். அடுத்தடுத்து அடிக்கப்பட்ட காசுகளில் விரிசல் வளர்ந்துகொண்டே செல்வதால், எது முன்னது எது பின்னது என வரிசைப்படுத்தும் அளவுகோலாக நாணயவியலார் அதைக் கொள்கின்றனர். ஒரே கோடு ஒருவருக்குச் சகுனம், மற்றவருக்குக் காலவரிசை. விருப்பம் பெருகப் பெருக நகல்களும் தோன்றின. 1738 அளவில் அக்கசாலைப் பொறிப்பாளர் ஜான் டானர் கிராம்வெல் கிரௌனுக்குப் புதிதாக அச்சுச் செய்து காசடித்தார். அந்நகல்களே இன்று தனியே தொகுக்கப்படுகின்றன.

சைமன் 1665இல், இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடிய ஆண்டில், இறந்தார். விண்ணப்பத்திற்கு அவர் வேண்டிய விடை கிடைக்கவில்லை. கிரௌன்களின் அச்சு தொடர்ந்து ரோட்டியர்ஸ் கையிலேயே இருந்தது. எதிர்பார்த்த ஒரே வாசகர் வாளாவிருந்த பின்னர், வேறு வாசகர்களை அக்காசு தேடிச் சென்றது.

அவர்களுள் தலையாயவர் ஜார்ஜ் வெர்ட்யூ (1684–1756). தாமே செப்புத்தகட்டுப் பொறிப்பாளரான அவர், பிரபுக்களின் பேழைகளில் சிதறிக் கிடந்த சைமனின் பதக்கங்கள், காசுகள், முத்திரைகள் ஆகியவற்றை ஒன்றுதிரட்டி, தகடுகளில் செதுக்கி 1753இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலப் பொறிப்பாளர் ஒருவரின் படைப்புகளை முழுமையாகத் தொகுத்தளிக்க முயன்ற முன்னோடி நூல்களுள் அது ஒன்று. 1780இல் ரிச்சர்டு காஃப் அதனை விரித்துப் பதிப்பித்தார். வெர்ட்யூ விட்டுச்சென்ற குறிப்பேடுகளை விலைக்கு வாங்கிய ஹோரஸ் வால்போல் அவற்றைக் கொண்டே இங்கிலாந்தின் ஓவியக்கலை வரலாற்றை எழுதினார். இவ்வாறு, சைமனைப் பற்றிய வெர்ட்யூவின் பெருமதிப்பு நாணய அறிஞர் வட்டத்தைக் கடந்து கலைவரலாற்றிலும் ஊன்றியது. பொறிப்பாளர் ஒருவர் மற்றொரு பொறிப்பாளருக்குச் செய்த மரியாதை அது. அதன் அளவுகோலும் பொறிப்பாளரின் அளவுகோலே. உளியின் நுண்மையைக் காண வெர்ட்யூவின் கண்கள் பழகியிருந்தன. அக்கசாலையின் அன்றாடத் தேவைகள் அவருக்குக் கவலையளிக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் மருத்துவர் ரிச்சர்டு மீடு, ராயல் சொசைட்டித் தலைவர் மார்ட்டின் ஃபோக்ஸ் போன்றோர் காசு தொகுப்பதை அறிவுப்பணியாக்கினர். ஃபோக்ஸ் வகுத்த ஆங்கில வெள்ளி, பொற்காசு அட்டவணைகள் எடை, மதிப்பு, வெளியீட்டு ஆணை ஆகியவற்றை முறைப்படுத்தின. மீடின் காசுகள் அவர் இறந்த மறு ஆண்டான 1755இல் ஏலத்தில் சிதறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஹைமன் மாண்டேகு, ஜான் குளோக் மர்டாக் ஆகியோரின் பெருந்தொகுப்புகள் விலையான காலத்தில் ஏலப் பட்டியல்கள் ஒளிப்படத் தகடுகளோடு வரலாயின. இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் விளைவு பெரிது. ஒரு காசின் கீறல், தேய்வு, விளிம்புக் காயம் ஆகியவை படத்தில் பதிந்துவிட்டால், பின்னொரு ஏலத்தில் அதே காசை அடையாளம் காண இயலும். காசு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் உடைமைவழி அவ்வாறே நிறுவப்படுகிறது. அரிய காசுகளுக்கு இவ்வழி பிறப்புச் சான்றிதழ் போன்றது. விண்ணப்பக் கிரௌன் போன்றவற்றிற்கு அது இன்றியமையாதது. ஏனெனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்படிவு முறையில் துல்லியமான நகல்கள் செய்யும் நுட்பம் வளர்ந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இராபர்ட் ரெடி செய்த நகல்கள் கல்விக்குப் பெரிதும் பயன்பட்டன. அவற்றைப் போன்ற நகல்கள் பின்னாளில் அசலென விலைபேசப்படும் வாய்ப்பும் உடன் வந்தது. மின்படிவு நகல் இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்யப்படுவதால் விளிம்பில் இணைப்புக்கோடு தெரியும். அசலை நகலிலிருந்து பிரித்தறியவும் விளிம்பையே நாட வேண்டியுள்ளது.

தொகுப்பாளரின் அளவுகோலும் அக்கசாலையின் அளவுகோலும்

சைமன் தன் விண்ணப்பத்தில் மூன்று அளவைகளை வகுத்தார்: உருவின் உண்மையும் புடைப்பும், அமைப்பின் நயம், செதுக்கலின் துல்லியம். இம்மூன்றும் காசைக் கையில் ஏந்தி உற்று நோக்குபவனுக்கு உரியவை. அக்கசாலை வேறு சிலவற்றையும் கேட்கும். அச்சு எத்தனை ஆயிரம் அடிகளைத் தாங்கும்? திருகு அழுத்தியின் ஓர் அடியில் புடைப்பு முழுமையாக எழுமா? தேய்ந்த அச்சுக்கு மாற்று அச்சை எவ்வளவு விரைவில் செய்ய இயலும்? காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்குமா? பத்தாண்டு கைமாறிய பின்னும் உருவம் தெரியுமா? விண்ணப்பத்தில் இவற்றுள் ஒன்றைப் பற்றியும் சொல் இல்லை. இரு வரி விளிம்பெழுத்து நாள்தோறும் ஆயிரக்கணக்கில் காசடிக்கும் பணிமனைக்கு ஏற்றதன்று என்பது வெளிப்படை. ரோட்டியர்ஸின் கிரௌன் விளிம்பிலும் எழுத்துண்டு; 'அணியும் அரணும்' எனப் பொருள்படும் சுருங்கிய இலத்தீன் தொடர் அது. அத்தொடரைப் பரிந்துரைத்தவர் தாமே என ஜான் ஈவ்லின் 1697இல் வெளியிட்ட 'நியூமிஸ்மாட்டா' என்னும் நூலில் உரைக்கிறார். காசின் விளிம்பு அழகுக்கும் ஆகும், வெட்டுவோரிடமிருந்து காப்புக்கும் ஆகும் என்னும் அக்கருத்தில் அக்கசாலையின் நோக்கு முழுமையாக அடங்கியிருக்கிறது.

தொகுப்பாளரின் ஒப்பீட்டில் மற்றொரு சாய்வும் உண்டு. விண்ணப்பக் கிரௌன் சந்தையைக் கண்டதே இல்லை. பிறந்த நாள்தொட்டுப் பேழையிலும் பட்டுத்துணியிலும் கிடந்த காசு அது. 1662ஆம் ஆண்டின் ரோட்டியர்ஸ் கிரௌனோ கூலியாகவும் வரியாகவும் பல்லாயிரம் கைகளில் புரண்டது. இன்று கிடைக்கும் பெரும்பாலான காசுகளில் மன்னனின் முடிச்சுருள்கள் வழவழப்பாகத் தேய்ந்துள்ளன. தேய்ந்த காசையும் தேயாத மாதிரியையும் அருகருகே வைத்துக் கலைத்திறனை அளப்பது நடுநிலையான செயலாகாது. தேயாத ரோட்டியர்ஸ் கிரௌன்களோடு ஒப்பிடும்போதும் சைமனின் செதுக்கலே நுண்மை மிக்கது என்பதை மறுக்க இயலாது. இடைவெளி மட்டும் தொகுப்பாளர் மரபு காட்டும் அளவுக்கு அகன்றதன்று. ஜான் ரோட்டியர்ஸ் 1667இல் செய்த பிரெடா அமைதிப் பதக்கத்தையும், அதிலுள்ள பிரித்தானியா உருவத்தையும் கண்டவர் அவரை இரண்டாந்தரக் கலைஞர் எனக் கூறத் துணியார். அவ்வுருவம் பின்னர் ஆங்கிலச் செப்புக்காசுகளில் ஏறி, காசுகளில் பிரித்தானியா உருவம் இடம்பெறும் நெடிய மரபைத் தோற்றுவித்தது.

இருபதாம் நூற்றாண்டு ஆய்வு இச்சாய்வைச் சற்றே சமன் செய்தது. ஹெலன் ஃபார்க்கர் 1930களில் எழுதிய கட்டுரைகளும், டெரெக் ஆலன் வெளியிட்ட சைமனின் வரைவேட்டு ஆய்வும், ஆலன் நேதன்சன் 1975இல் எழுதிய வாழ்க்கை வரலாறும் புகழுரையிலிருந்து விலகி ஆவணங்களை நாடின. அவற்றில் வெளிப்படும் சைமன் துயருற்ற மேதை மட்டுமல்லர். வரவேண்டிய ஊதிய நிலுவைக்காக ஆட்சி மாறி ஆட்சி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த அரசுப் பணியாளருமாவார். குடியரசிடம் எழுதினார், கிராம்வெல்லிடம் எழுதினார், மன்னனிடமும் எழுதினார். அவ்வரிசையில் வெள்ளியில் எழுதியது ஒன்று. இவ்வாறு நோக்கும்போது, விளிம்பு வாசகத்தின் இறுதியிலுள்ள 'துயர் தீர்த்தல்' என்னும் வேண்டுகோளில் கலைஞனின் மானத்தோடு குடும்பத் தலைவனின் கடன்சுமையும் ஒலிப்பது கேட்கும்.

இந்நூற்றாண்டில் விண்ணப்பக் கிரௌன் ஏலத்திற்கு வரும்போது இலட்சக்கணக்கான பவுண்டு விலை பெறுகிறது. விலை உயர்ந்த காசுகளைத் தரம் குறித்து, ஒளி ஊடுருவும் நெகிழி உறையில் முத்திரையிட்டு வைப்பது இன்றைய வணிக வழக்கம். அவ்வுறையில் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். காசைப் பிடித்திருக்கும் சட்டம் விளிம்பின் பெரும்பகுதியை மறைத்துவிடும். அருங்காட்சியகக் காட்சிப் பெட்டிகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே: காசு படுத்திருக்கும், பார்வையாளர் அரசனின் முகத்தைக் கண்டு நகர்வர். சைமன் எழுதிய இரு வரிகளைப் படிக்க வேண்டுமாயின் காசைக் கையில் எடுத்து, விரல் நுனிகளால் பிடித்து, மெல்ல ஒருமுறை முழுவதுமாகச் சுழற்ற வேண்டும். அவ்வாறு சுழற்றிப் படிக்கும் வாய்ப்பு இன்று மிகச் சிலருக்கே கிட்டுகிறது. ஏனையோர் விளிம்பை விரித்துக் காட்டும் நீண்ட பட்டைப் படத்தை நம்பியிருக்கின்றனர்.